மானுக்குத் தொந்தரவு தராமல் ஒரு படம்

லண்டன் நகரத்தின் தென்மேற்கில் ரிச்மண்ட் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் உங்களுக்கு ஞாபகம் வரலாம். இது மிகப் பெரிய பூங்கா. ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் புல்வெளிகள், மேடுகள், குளங்கள், மிகப் பழைய ஓக் மரங்கள் எல்லாம் இங்கே உண்டு. 1637ஆம் ஆண்டில் முதலாம் சார்ள்ஸ் மன்னர் வேட்டையாடுவதற்காக இந்த இடத்தைச் சுற்றி மதில் கட்டுவித்தார். அன்றிலிருந்து இன்றுவரை மான்கள் இங்கே வாழ்கின்றன. இப்போது ஏறத்தாழ 630 மான்கள் இருக்கின்றன.

இந்த மான்கள் கூண்டுக்குள் இல்லை. அவை விரும்பிய இடத்தில் மேய்கின்றன. விரும்பிய இடத்தில் படுக்கின்றன. மனிதர்களைத் தினமும் பார்த்தாலும் அவை வளர்ப்பு மிருகங்கள் அல்ல. காட்டு மிருகத்தின் பயமும் பலமும் அவற்றிடம் அப்படியே இருக்கின்றன.

மன்னர் வேட்டைக்கு வந்த இடத்துக்கு நாம் கமராவோடு போகிறோம். கமரா மானைக் குத்தாது. ஆனால் கமராவைப் பிடித்திருக்கும் மனிதர் மானுக்குத் தீங்கு செய்ய முடியும். எப்படி? மானுக்குத் தீங்கு வராமல் ஒரு நல்ல படம் எடுப்பது எப்படி? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருவதற்கு முன் மான் என்ன செய்துகொண்டிருந்ததோ, நீங்கள் போன பிறகும் அதையே செய்துகொண்டிருக்க வேண்டும். மேய்ந்த மான் மேய வேண்டும். படுத்த மான் படுத்திருக்க வேண்டும். மற்ற விதிகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவைதான்.

இரண்டு வகை மான்கள்

தம்பி: அக்கா, அங்க பாருங்கோ! புள்ளிமான்!

அக்கா: புள்ளி இருக்குத்தான். ஆனா அது எங்கட ஊர்ப் புள்ளிமான் இல்லை. கொம்பைப் பார். கை விரிச்ச மாதிரி இருக்கு.

அக்கா சொன்னது சரி. ரிச்மண்ட் பூங்காவில் இரண்டு வகை மான்கள் இருக்கின்றன. ஒன்று சிவப்பு மான். மற்றது ஃபேலோ மான்.

சிவப்பு மான் பெரியது. பிரித்தானியாவில் தரையில் வாழும் காட்டு விலங்குகளில் இதுவே மிகப் பெரியது. நன்றாக வளர்ந்த ஆண் மான் 160 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். தோள் வரைக்குமே ஒரு மீட்டருக்கு மேல் உயரம். கோடைகாலத்தில் அதன் உடல் செம்மண் நிறமாக இருக்கும். கொம்பு மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து போகும்.

ஃபேலோ மான் அதைவிடச் சிறியது. பல ஃபேலோ மான்களின் உடலில் கோடைகாலத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதனால்தான் தம்பி அதைப் புள்ளிமான் என்று நினைத்தான். வளர்ந்த ஆண் ஃபேலோ மானின் கொம்பு மேலே போகப் போக அகலமாகும். உள்ளங்கையை விரித்ததுபோல இருக்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள புள்ளிமானின் கொம்பு இப்படி அகலமாக இருக்காது. இரண்டு வகையையும் வேறுபடுத்த இது நல்ல வழி.

இந்த இரண்டு வகையிலும் பெண் மானுக்குக் கொம்பு இல்லை.

கொம்பு என்ற சொல்

தமிழில் கொம்பு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மாட்டின் தலையில் இருப்பதும் கொம்பு; மரத்தின் கிளையும் கொம்பு. மரக்கொம்பில் கூடு கட்டும் தேனீக்களின் தேனைக் கொம்புத்தேன் என்பார்கள்.

மானின் கொம்புக்கு இந்த இரண்டு பொருளும் பொருந்தும். அது தலையில் இருக்கிறது, கிளைபோலப் பிரிகிறது. இன்னோர் ஒற்றுமையும் உண்டு. மரம் இலையை உதிர்ப்பதுபோல மான் ஒவ்வோர் ஆண்டும் கொம்பை உதிர்க்கும். மாட்டுக் கொம்பு அப்படி விழாது. வசந்த காலத்தில் பழைய கொம்பு விழுந்ததும் புதியது முளைக்கத் தொடங்கும். அப்போது அதன்மேல் வெல்வெட் துணிபோல மெல்லிய தோல் இருக்கும். அந்தத் தோலில் இரத்தம் ஓடும். கோடைகாலம் முடியும்போது கொம்பு முழுதாக வளர்ந்துவிடும். மான் மரத்திலும் புதரிலும் உரசி அந்தத் தோலைக் கழற்றிவிடும்.

விழுந்த கொம்பைப் பூங்காவில் பார்த்தால் எடுத்துக்கொண்டு வராதீர்கள். மான்களே அதைக் கடித்துச் சுவைக்கும். அதிலுள்ள தாதுச் சத்து அவற்றுக்குத் தேவை. அதைப் படம் மட்டும் எடுங்கள்.

பழைய தமிழில் மான்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. தொல்காப்பியம் என்ற பழைய இலக்கண நூலில் மரபியல் என்று ஒரு பகுதி உண்டு. எந்த விலங்கின் குட்டியை எப்படிச் சொல்வது, ஆணை எப்படிச் சொல்வது, பெண்ணை எப்படிச் சொல்வது என்று அதில் இருக்கிறது. ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் மான்குட்டியை மறி என்றும் சொன்னார்கள். இவ்வளவு பெயர் வைக்க வேண்டுமானால், அந்த மனிதர்கள் மான்களை எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்!

மானுக்கு எப்படித் தெரிகிறது?

தம்பி: நான் சத்தமே போடேல்லை. பிறகு எப்படி அதுக்குத் தெரிஞ்சது?

அப்பா: காது மட்டுமில்லை மகன். மூக்கும் இருக்கு, கண்ணும் இருக்கு.

மானின் கண்கள் தலையின் இரண்டு பக்கங்களிலும் இருக்கின்றன. அதனால் தலையைத் திருப்பாமலே பெரும்பாலான திசைகளை அதனால் பார்க்க முடியும். சிவப்பையும் பச்சையையும் நம்மைப்போல அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஏதாவது அசைந்தால் உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே உங்கள் சட்டையின் நிறத்தைவிட உங்கள் அசைவுதான் முக்கியம். கையை வேகமாக வீசினால் போதும், மான் பார்த்துவிடும்.

மானின் காதுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும். ஒரு காது முன்பக்கம் கேட்கும்போது மற்றது பின்பக்கம் கேட்கும்.

மூக்கு இன்னும் கூர்மையானது. காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து மானை நோக்கி வீசினால், உங்கள் வாசனை உங்களுக்கு முன்னே போய்விடும். கொஞ்சம் காய்ந்த புல்லை எடுத்து மெதுவாகக் கீழே விடுங்கள். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். காற்று உங்கள் முகத்தில் படும்படி நின்றால் நல்லது.

ஒரு விஷயம் கவனம். பூனைபோலப் பதுங்கிப் பதுங்கி மானை நோக்கிப் போகக்கூடாது. வேட்டையாடும் மிருகமும் அப்படித்தான் வரும். ரிச்மண்ட் பூங்கா மான்களுக்குப் பாதையில் நடக்கும் மனிதர்களைப் பழக்கம். பாதையிலே சாதாரணமாக நடங்கள். மெதுவாகக் கதையுங்கள். மானை நேராக நோக்கி நடக்க வேண்டாம்.

சும்மா படுத்திருக்கிறதா?

தம்பி: அது சும்மாதானே படுத்திருக்கு? எழும்பினா நல்ல படம் எடுக்கலாம். ஒருக்காக் கை தட்டட்டா?

அக்கா: வேண்டாம்! அது சும்மா இல்லை. சாப்பிட்டுக்கொண்டு இருக்கு.

படுத்திருக்கும் மானின் வாயைப் பாருங்கள். தாடை அசைந்துகொண்டே இருக்கும். இதற்கு அசைபோடுதல் என்று பெயர். மாடும் ஆடும் இப்படிச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

மானின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. மேயும்போது மான் புல்லை அதிகம் மெல்லாமல் வேகமாக விழுங்கிவிடும். ஏனென்றால் தலையைக் குனிந்திருக்கும் நேரம் ஆபத்தான நேரம். பிறகு பாதுகாப்பான ஓர் இடத்தில் படுத்துக்கொள்ளும். விழுங்கிய புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவந்து நன்றாக மெல்லும். அப்போதுதான் புல்லில் உள்ள சத்து உடலில் சேரும்.

ஆகவே படுத்திருக்கும் மானை எழுப்பினால், சாப்பாட்டு மேசையிலிருந்து ஒருவரை எழுப்பியதுபோல ஆகும். நீங்கள் ஒருமுறைதான் எழுப்பினீர்கள். உங்களுக்குப் பிறகு இன்னொருவர் வருவார். அதன் பிறகு இன்னொருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருபது பேர் எழுப்பினால், அந்த மான் எப்போது சாப்பிடும்? குளிர்காலத்தில் புல் குறைவு. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பில்தான் மான் நாட்களைக் கடத்த வேண்டும். அந்த நேரத்தில் வீணாக ஓடினால் அந்தக் கொழுப்புத்தான் கரையும்.

2011ஆம் ஆண்டில் ரிச்மண்ட் பூங்காவில் எடுத்த ஒரு சிறிய காணொளி உலகம் முழுவதும் பரவியது. அதில் ஒரு நாய் பெரிய மான் கூட்டத்தைத் துரத்துகிறது. மான்கள் வீதியைக் கடந்து ஓடுகின்றன. நாயின் சொந்தக்காரர் அதன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடுகிறார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் காணொளியை ஒருமுறை மானின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மானுக்கு அது விளையாட்டு இல்லை. அது உயிருக்குப் பயந்து ஓடுகிறது. வீதியில் கார் வருகிறதா என்று பார்க்க அதற்கு நேரம் இல்லை.

50 மீட்டர் என்றால் எவ்வளவு?

மான்களிடமிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று ரிச்மண்ட் பூங்காவைப் பராமரிப்பவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். 50 மீட்டர் என்பது ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் நீளம். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகள் நான்கை ஐந்தை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம்.

பூங்காவிலே அளவுநாடா பிடிக்க முடியாது. அதற்கு உங்கள் கட்டைவிரல் உதவும். கையை முன்னால் நேராக நீட்டுங்கள். கட்டைவிரலை மேலே நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பக்கவாட்டில் நிற்கும் பெரிய மானின் உடல் ஏறத்தாழ கட்டைவிரலின் அகலத்துக்குள் மறைகிறதா? அப்படியென்றால் நீங்கள் ஏறத்தாழ 50 மீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள். விரலின் இரண்டு பக்கமும் மான் நன்றாக நீட்டிக்கொண்டு தெரிந்தால், நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று பொருள். சிறிய மான் என்றால் அது விரலின் அகலத்தைவிடச் சிறியதாகத் தெரிய வேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது? உங்கள் கட்டைவிரலின் அகலம் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து விரல் வரை கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர். அதாவது முப்பது மடங்கு. மானின் உடல் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் முப்பது மடங்கு 51 மீட்டர். சிறுவர்களுக்கு விரலும் சிறியது, கையும் சிறியது. அதனால் கணக்குப் பெரிதாக மாறாது. வீட்டில் ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள்.

50 மீட்டர் என்பது குறைந்த அளவு. நீங்கள் 70 மீட்டரில் நிற்கும்போதே மான் பயப்பட்டால், அந்த மானுக்கு 70 மீட்டரும் போதாது. நீங்கள் இன்னும் பின்னால் போக வேண்டும்.

மான் சொல்லும் செய்தி

மான் வாயால் பேசாது. உடலால் பேசும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எப்போது நிற்பது, எப்போது திரும்புவது என்று உங்களுக்கே தெரியும்.

மான் தலையைக் குனிந்து மேய்ந்தால்: எல்லாம் சரி. நின்ற இடத்திலேயே நின்று பாருங்கள்.

ஒரு மான் தலையை நிமிர்த்தி உங்களையே பார்த்தால்: நில்லுங்கள். அசைய வேண்டாம். அது மறுபடி மேயத் தொடங்கினால் அங்கேயே இருக்கலாம்.

பல மான்கள் ஒன்றாகத் தலை நிமிர்த்தி, காதுகளை உங்கள் பக்கம் திருப்பினால்: நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள். மெதுவாகப் பின்னால் போங்கள்.

மான் முன்னங்காலால் தரையைத் தட்டினால், அல்லது குரைப்பதுபோலச் சத்தம் போட்டால்: மற்ற மான்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. உடனே விலகிப் போங்கள்.

படுத்த மான் எழுந்து நின்றால், அல்லது மான்கள் நடக்கத் தொடங்கினால்: அவற்றின் பின்னால் போக வேண்டாம். இன்றைக்கு இவ்வளவுதான்.

விலகும்போது ஓடக்கூடாது. மான் கூட்டத்தின் நடுவால் போகக்கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் இடையில் நிற்கக்கூடாது. மான் தப்பிப் போவதற்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். பல பேர் வட்டமாக நின்று படம் எடுத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்படி ஒரு வட்டத்தைப் பார்த்தால் நீங்களும் போய்ச் சேர வேண்டாம்.

கூடுதல் கவனம் வேண்டிய இரண்டு காலங்கள்

மே மாதம் முதல் ஜூலை மாதம் வரை குட்டிகள் பிறக்கும் காலம். தாய் மான் தன் குட்டியை உயரமான புல்லுக்குள்ளோ பன்னச் செடிகளுக்குள்ளோ மறைத்துவிட்டுத் தான் மேயப் போகும். பிறந்த சிவப்பு மான் குட்டிக்கும் உடலில் புள்ளிகள் இருக்கும். இலைகளுக்கு நடுவே விழும் வெயில்போல அந்தப் புள்ளிகள் குட்டியை மறைக்கும். ஆபத்து வந்தாலும் குட்டி ஓடாது, அசையாமல் படுத்திருக்கும். அதுதான் அதற்குப் பாதுகாப்பு.

தம்பி: அப்பா, பாவம்! குட்டி தனியா இருக்கு. அம்மா விட்டுட்டுப் போயிட்டா போல.

அப்பா: இல்லை மகன். அம்மா பக்கத்திலதான் எங்கயோ மேயுது. நாங்கள் இஞ்ச நிண்டா அது வராது. வாங்கோ, போவம்.

தனியாகக் கிடக்கும் குட்டியைத் தொடாதீர்கள். தூக்காதீர்கள். அது அநாதை இல்லை. நாம் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய் பால் கொடுக்க வர முடியாமல் தூரத்தில் காத்திருக்கும். ஆகவே படம்கூட எடுக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். குட்டி இருக்கும் இடத்தை மற்றவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். இந்தக் காலத்தில் நாயைக் கண்டால் தாய் மான் குட்டியைக் காப்பாற்றப் பாய்ந்து வரலாம். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்வது நாய்க்கும் நல்லது, மானுக்கும் நல்லது.

இரண்டாவது காலம் இலையுதிர் காலம். செப்டம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் ஆண் மான்கள் பெண் மான்களுக்காக ஒன்றோடொன்று போட்டி போடும். சிவப்பு ஆண் மான் அடித்தொண்டையில் உறுமும். பனி மூடிய காலையில் அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். இரண்டு ஆண்கள் கொம்போடு கொம்பு கோத்து முட்டும். இந்த நாட்களில் அவை சரியாகச் சாப்பிடுவதில்லை, நன்றாக மெலிந்துபோகும். கோபமும் அதிகம். வழக்கமாக அமைதியாக நிற்கும் மான்கூட இப்போது மனிதரை நோக்கி ஓடி வரலாம். 160 கிலோ மானும் அதன் கூர்மையான கொம்பும் ஓடி வருவதை நினைத்துப் பாருங்கள்! இந்தக் காலத்தில் 50 மீட்டரைவிட இன்னும் அதிகத் தூரத்தில் நிற்க வேண்டும். பைனாகுலர் இருந்தால் வடிவாகப் பார்க்கலாம்.

சாப்பாடு கொடுக்கலாமா?

கொடுக்கக்கூடாது. ரிச்மண்ட் பூங்காவின் விதிகளும் அதைத் தடை செய்கின்றன.

பாணும் பிஸ்கட்டும் மானின் வயிற்றுக்கு ஏற்றவை அல்ல. அசைபோடும் வயிறு புல்லுக்கும் இலைக்கும் பழகியது. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்றும் உண்டு. சாப்பாடு கிடைத்த மான் மறுநாள் மனிதரைத் தேடி வரும். பையை முகரும். சின்னப் பிள்ளையின் கையிலிருந்து பறிக்கும். யாராவது காயப்பட்டால் மானைத்தான் குறை சொல்வார்கள்.

இலையுதிர் காலத்தில் கீழே விழும் ஓக் கொட்டைகளும் செஸ்நட் கொட்டைகளும் மான்களின் குளிர்காலச் சாப்பாடு. அவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. நீங்கள் கொண்டுபோன பொலித்தீன் பைகளையும் சாப்பாட்டுப் பொதிகளையும் திரும்பக் கொண்டு வாருங்கள். உணவு வாசனை உள்ள பையை மான் உணவென்று நினைத்து விழுங்கிவிடும். அது வயிற்றில் செரிக்காது.

உங்களில் சிலர் விடுமுறையில் திருகோணமலைக்குப் போயிருப்பீர்கள். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவை மனிதர்களோடு நன்றாகப் பழகிவிட்டன. மக்கள் ஆசையாக உணவு நீட்டுகிறார்கள். குப்பையில் வாய் வைக்கும் மான்களும் அங்கே உண்டு. அடுத்தமுறை போகும்போது நீங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டாம். தள்ளி நின்று அது தானாக மேய்வதைப் பாருங்கள். கூட வரும் மாமாவுக்கும் சித்திக்கும் ஏன் என்று தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்.

இப்போது படம் எடுப்போம்

தம்பி: 50 மீட்டர் தள்ளி நிண்டா மான் சின்னதாத்தானே தெரியும்?

அக்கா: தெரியட்டும். மரமும் பனியும் சேர்த்து எடு. அது எங்க வாழுது எண்டு படத்தைப் பார்க்கிற ஆளுக்கும் தெரியும்.

1. வீட்டிலேயே கமராவைத் தயார் செய்யுங்கள். சத்தத்தை நிறுத்துங்கள். பிளாஷ் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள்.

2. காலை நேரமோ மாலை நேரமோ போங்கள். மான்கள் அப்போது அதிகம் மேயும். வெளிச்சமும் மென்மையாக இருக்கும்.

3. கால்களால் கிட்டப் போக வேண்டாம். சூம் செய்து கிட்டப் போங்கள். பெரிய லென்ஸ் இல்லையா? போனில் எடுத்த படத்தை வீட்டில் வெட்டிக்கொள்ளலாம்.

4. மெதுவாக முழங்காலில் இருங்கள். மானின் கண் உயரத்தில் எடுத்த படம் மேலிருந்து எடுத்த படத்தைவிட நன்றாக இருக்கும்.

5. மானின் கண் தெளிவாகத் தெரிய வேண்டும். கமராவில் கண்ணைக் குறி வையுங்கள்.

6. மான் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் படத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

7. மான் நடந்தால் கமராவின் வேகத்தை நொடியில் 500இல் ஒரு பங்கு அளவுக்கு வைத்துப் பாருங்கள். படம் கலங்காது.

8. விசில் அடித்தும் கை தட்டியும் மானைத் திரும்பிப் பார்க்க வைக்காதீர்கள். அப்படி எடுத்த படத்தில் இருப்பது பயந்த மான்.

9. மானுக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்க வேண்டாம். பின்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இந்தப் பூங்காவில் டிரோன் பறக்கவிடவும் அனுமதி இல்லை.

நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு போங்கள். உயர்ந்த புல்லில் உண்ணிகள் இருக்கும். சில உண்ணிகள் நோயைப் பரப்பும். வீட்டுக்கு வந்ததும் கால், முழங்காலின் பின்பக்கம், கழுத்து எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லுங்கள்.

காரில் போகும்போதும் மானை மறக்க வேண்டாம். இந்தப் பூங்காவில் மணிக்கு 20 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. ஒரு மான் வீதியைக் கடந்தால் பின்னால் இன்னும் நான்கு மான்கள் வரலாம். அப்பாவுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

நீங்கள் வேறு நாட்டில் இருக்கலாம். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் வெள்ளைவால் மான்கள் இருக்கின்றன. வேறு இடங்களில் வேறு மான்கள். அங்கே விதிகளும் தூரமும் மாறலாம். போவதற்கு முன் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். மானின் காதும் தலையும் சொல்லும் செய்தி எங்கேயும் ஏறத்தாழ ஒன்றுதான்.

புதிய சொற்கள்

அசைபோடுதல்: விழுங்கிய உணவை வாய்க்குக் கொண்டுவந்து மறுபடி மெல்லுதல். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப யோசிப்பதையும் இப்படிச் சொல்வோம்.
உண்ணி: விலங்கின் தோலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் சிறிய உயிரினம்.
பன்னம்: பூக்காத ஒரு செடி வகை. இலைகள் இறகுபோல இருக்கும்.
கலை, பிணை, மறி: ஆண் மான், பெண் மான், மான்குட்டி.

பேசுவோம், செய்வோம்

1. மாட்டுக் கொம்புக்கும் மான் கொம்புக்கும் என்ன வேறுபாடு?
2. படுத்திருக்கும் மானை எழுப்புவது ஏன் தவறு? உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.
3. பள்ளி மைதானத்தில் 50 மீட்டர் அளந்து ஒரு நண்பரை அந்த முனையில் நிறுத்துங்கள். அவர் மான், நீங்கள் படம் எடுப்பவர். அவர் தலை நிமிர்த்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நடித்துக் காட்டுங்கள்.
4. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அணிலையோ பறவையையோ பத்து நிமிடம் பாருங்கள். அது தான் செய்த வேலையை நிறுத்தாதபடி ஒரு படம் எடுங்கள். படத்தின் கீழே, நீங்கள் வரும்போது அது என்ன செய்தது, நீங்கள் போகும்போது என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.